நகர்த்தி வைத்த புள்ளி

திருவண்ணாமலை
13 ஜூலை 2025

அன்புள்ள சுருதி,

நடந்தது எதுவோ அதை மட்டுமே இந்தக் கடிதங்களில் எழுதப்போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீ இங்கே இல்லாத நாட்களில் உனக்குக் கண்ணாக இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உன் சீட்டு கிடைத்தது. போனில் பேசினால் மாறன் மாமா எப்படியாவது இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்று ஜோதி அத்தை போனை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். எனவே தபால்தான். மருதேவி அம்மாவின் விலாசத்தை மனப்பாடம் செய்துகொண்டு சீட்டைக் கிழித்துவிட்டேன். எங்கள் அப்பா அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீங்கள் போன மறுநாள் மாறன் மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்று, "எழிலு, உன்னாண்ட ஏதாவது சொல்லிட்டுப் போனாளா?" என்று கேட்டார். அப்போது எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறிப் போனார். உன் அப்பா ஜோதி அத்தையை அடிப்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அன்று யாரும் அவர் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை.

இப்போது பள்ளிக் கதை. நம் பதினொன்றாம் வகுப்புக்குக் கணினி எடுக்கும் சகாதேவன் சார், வரைபடத்தில் கதை சொல்லும் இணையதளம் செய்யக் கற்றுத் தருகிறார். ஒரு பக்கம் எழுத்து, மறு பக்கம் வரைபடம். படிப்பவர் எழுத்தை மேலே தள்ளத் தள்ள வரைபடம் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் பறந்து போகும். வேங்கிக்காலில் ஒரு கல்லூரி போட்டி வைத்திருக்கிறது. தலைப்பு: 'என் ஊருக்கு வந்தவர்களும் போனவர்களும்'. பார்த்ததும் எனக்கு உன் நினைவுதான்.

முதல் நாளே மானம் போனது. பூகோளத்தில் அட்சக்கோட்டை முதலில் சொல்லி, பிறகு தீர்க்கக்கோட்டைச் சொல்லித்தானே பழக்கம்? நிரலில் தலைகீழாக எழுத வேண்டுமாம். நான் பழக்கத்தில் எழுதிவிட்டேன். வரைபடம் கடலெல்லாம் தாண்டிப் பறந்து வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு பனித்தீவில் இறங்கியது. அதன் மேல் 'பெரிய கோயில், ராஜகோபுரம்' என்று என் எழுத்து. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அண்ணாமலையாரை இவ்ளோ குளிர்ல நிக்கவெச்சிட்டியேம்மா" என்றார். பின்னாலிருந்து வர்ஷா, "நெருப்பா நிக்கிறவருக்குக் குளிர் இன்னா சார் பண்ணும்?" என்றாள். வகுப்பே சிரித்தது. நீ இருந்திருந்தால் இன்னும் மோசமாக எதையாவது சொல்லியிருப்பாய்.

அங்கே ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது? எழுது.

எழில்

•

22 ஜூலை

எழில்,

ஜன்னலைத் திறந்தால் வேர்க்கடலைக் கொல்லை. கதவைத் திறந்தால் வேர்க்கடலைக் கொல்லை. போதுமா மேடம்?

கீழ்பென்னாத்தூரில் பஸ் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வந்து, பிறகு நடக்க வேண்டும். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன்; உறை மேல் நீயே எழுதுகிறாய், அது போதும். மருதேவி அத்தை, அம்மா வேலை பார்த்த துணிக்கடையில் அவளோடு புடவைப் பிரிவில் நின்றவர். மாமியாருக்கு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். அவர் கணவர் ஆதிராஜ் மாமா விவசாயம். அதிகம் பேச மாட்டார். நாங்கள் வந்த அன்று அம்மாவின் முகத்தைப் பார்த்தார், போய் நடு அறைக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்து மாட்டினார்.

இவர்கள் ஜைனர்கள் என்று உனக்குத் தெரியுமே. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். பிறகு அடுப்பு கிடையாது. முதல் வாரம் எனக்கு ராத்திரியில் வயிறு கத்தியது. "உனக்கு மட்டும் ஏதாவது பண்ணித் தரட்டாம்மா?" என்று மருதேவி அத்தை கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது. இப்போது பழகிவிட்டது. ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. எங்கள் வீட்டில் அப்பா வந்த பிறகுதான் சாப்பாடு. வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா குழம்பைச் சிந்திவிடுவாள். இங்கே வெளிச்சம் இருக்கும்போதே தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறோம். அதற்கப்புறம் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அம்மா தூங்குகிறாள், எழில். குறட்டை விடுகிறாள்.

இதெல்லாம் உனக்கு மட்டும்.

சுருதி

•

திருவண்ணாமலை
3 ஆகஸ்ட்

அன்புள்ள சுருதி,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் கிண்டல் செய்வாய்.

என் தளம் முடிந்துவிட்டது. ஆறு பேரின் கதை எழுதியிருந்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் சோளம் விற்க விழுப்புரத்திலிருந்து வரும் ராஜேந்திரன், ரமணாசிரமத்தைப் பார்க்க வந்து திரும்பிப் போகாமலே இருந்துவிட்ட ஜெர்மன் பாட்டி, இப்படி. எல்லோரும் வந்தவர்கள். போனவர் ஒருவரும் இல்லை. சகாதேவன் சார் படித்துவிட்டு, "தலைப்புல பாதிதான் இருக்கு. போனவங்க எங்க?" என்றார்.

சுருதி, உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யத்தான் நினைத்தேன். ஆனால் கடைசித் தேதி நேற்று. உனக்குக் கடிதம் வந்து, நீ பதில் எழுதி, அது இங்கே சேர... முடியாது. ஏழாவதாக ஓர் அத்தியாயம் எழுதினேன். பயப்படாதே. உன் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் இல்லை, ஜோதி அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புள்ளியையும் நகர்த்திவிட்டேன். கீழ்பென்னாத்தூர் பக்கமே வராமல், நேர் எதிரே, செங்கம் சாலையில் யாருமில்லாத ஓர் இடத்தில் வைத்தேன். நம் ஊரிலிருந்து அங்கே ஒரு கோடு மெல்ல நீளும். அது நீள்வதைப் பார்த்து வர்ஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுதியது இதுதான்: 'ஒரு தோழி இந்த ஊரை விட்டுப் போனாள். அவள் இப்போது இருக்கும் வீட்டில் பொழுது சாய்வதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அடுப்பு எரியாது. முதலில் அவளுக்குப் பசித்தது. இப்போது அவள் நன்றாகத் தூங்குகிறாள்.'

இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேங்கிக்காலில் மேடையேறிப் பேச வேண்டும். அப்பாவுக்கு ஒரே பெருமை. பார்க்கிறவர்களிடமெல்லாம் லிங்க்கைக் காட்டுகிறார்.

உனக்குக் கோபமா? இல்லை என்று எழுது.

எழில்

•

7 ஆகஸ்ட்

எழில்,

எடுத்துவிடு. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்னால் போய் எடுத்துவிடு.

உனக்கு மட்டும் என்று எழுதியிருந்தேனே.

சுருதி

•

திருவண்ணாமலை
12 ஆகஸ்ட்

சுருதி,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. பையைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்து ஏழாம் அத்தியாயத்தை எடுத்தேன். ஆனால் அதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது.

எங்கள் அப்பா தெரு வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டிருக்கிறார். 'எங்கள் மகள் செய்தது' என்று கைகூப்பும் படத்தோடு. அவருக்கு ஒன்றும் தெரியாது; நான்தானே மறைத்தேன். சனிக்கிழமை பௌர்ணமி, மாறன் மாமாவுக்கு இரவு முழுக்க வேன் ஓட்டம். மறுநாள் தூங்கி எழுந்து பார்த்திருக்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கையில் ஸ்வீட் டப்பா. நான் அப்போதுதான் அத்தியாயத்தை எடுத்து முடித்திருந்தேன். என்னைக் கூப்பிட்டு என் தலையில் கை வைத்தார்.

"பாப்பா, நீ நல்லா இருக்கணும். உன்னாலதான் எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு" என்றார்.

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? எழுதிட்டு எதுக்குன்றியே. பொழுது சாயறதுக்குள்ள சாப்புடுற வீடு. எங்க ஜோதிக்குத் தெரிஞ்ச ஜனத்துல அப்பிடி ஒரே ஒருத்திதான். கடையில கூட்டம் இருந்தாலும் சாயங்காலம் ஆச்சுன்னா டப்பாவத் தூக்கிக்கினு போயிடுவா, மொதலாளி முழிப்பாருன்னு ஜோதி எத்தினி வாட்டி சொல்லிச் சிரிச்சிருக்கா தெரியுமா? ஊரு பேரு கடையில கேட்டேன். குடுத்துட்டாங்க."

அவர் அழுதார், சுருதி. நிஜமான அழுகை. எங்கள் அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். அப்பா, "போயி நல்லபடியா கூட்டிட்டு வா மாறா" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். போகாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் போய், இருட்டிய பிறகுதான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்வீட் டப்பாவை மூடி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். மருதேவி அம்மாவின் போன் எண் எங்களிடம் இல்லை. அப்பா பைக்கில் கிளம்பிக் கீழ்பென்னாத்தூர் வரை போனார். போகும்போதே எதிரே மாமாவின் வேன் வந்துகொண்டிருந்ததாம். முன் சீட்டில் ஜோதி அத்தை உட்கார்ந்திருந்தாராம்.

இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? நம் வகுப்பில் உன் பழைய இடத்தில் மேசைக்குள் வைக்கிறேன். நீ பள்ளிக்கு வந்தால் எடுத்துக்கொள்.

எழில்

•

1 செப்டம்பர்

எழில்,

மேசைக்குள் வைத்ததை எடுத்தேன். நாலு பெஞ்ச் தள்ளி உட்கார்ந்துகொண்டு என் முதுகையே பார்த்துக்கொண்டிருக்காதே. உன்னோடு பேசுவதற்கு இன்னும் எனக்கு வாய் வரவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான். இதை உன் பூகோளப் புத்தகத்தில் வைப்பேன்.

அன்று என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அப்பா வேனைக் கொல்லை ஓரமாக நிறுத்திவிட்டு, மல்லிகைப்பூவோடு நடந்து வந்தார். கத்துவார் என்று நினைத்தோம். ஆதிராஜ் மாமா எழுந்து வாசலை மறித்து நின்றார். அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். "ஜோதி, தப்புதான். இங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீ இல்லாம வூடு வூடாவே இல்ல" என்றார்.

பிறகு மருதேவி அத்தை, "பொழுது போவுதுங்க. நீங்களும் சாப்புட்டுட்டுப் பேசுங்க" என்று ஒரு தட்டு வைத்தார். அப்பா சாப்பிட்டார். காலையிலிருந்து ஒன்றும் தின்னாதவர்போல. அம்மா அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். "வேணாம்மா" என்று அவள் கையைப் பிடித்தேன். "உனக்குப் புரியாது" என்றாள். எனக்கு நன்றாகவே புரிந்தது.

நீ புள்ளியை நகர்த்தினாய். சாப்பாட்டு நேரத்தை நகர்த்தவில்லை. நீ உண்மையான விஷயம் என்று ஆசைப்பட்டு எதைப் போட்டாயோ அதுதான் எங்கள் விலாசம்.

முதல் பத்து நாள் அப்பா தங்கம். அம்மாவைப் படம் பார்க்கக் கூட்டிப் போனார். வெள்ளிக்கிழமை ஒரு சவாரி கைவிட்டுப் போனது. நேற்று அம்மா இடது கையால் சோறு போட்டாள்.

சுருதி

•

3 செப்டம்பர்

சுருதி,

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். அதை எழுதினால், நீ பதிலுக்கு எதையாவது சொல்லியாக வேண்டும். அந்தச் சுமையும் உனக்கு வேண்டாம்.

உன்னிடம் கேட்காமல் ஏன் போட்டேன் என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். கடைசித் தேதி ஒரு சாக்கு. அந்த நாலு வரி நன்றாக வந்திருந்தது. அதை யாராவது படிக்க வேண்டும் என்று இருந்தது. நீ குறட்டையைப் பற்றி எழுதியதைக்கூடப் போடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

இறுதிச் சுற்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போகவில்லை என்று சகாதேவன் சாரிடம் நாளை சொல்லப்போகிறேன். தளத்தையே அழித்துவிடுகிறேன். எங்கள் அம்மா உன் அம்மாவைப் பார்க்க வந்தபோது உன் அப்பா வாசலிலேயே, "அவ தூங்குறா" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். எங்கள் அப்பா, போலீசில் சொல்லலாமா என்று கேட்கிறார். உன் அம்மா விரும்பினால்தான் செய்வாராம்.

நான் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல். எதுவானாலும்.

எழில்

•

15 செப்டம்பர்

எழில்,

போலீஸ் வேண்டாம். அம்மா கேட்க மாட்டாள். போன வருஷம் ஒரு தரம் போனாள்; சேர்த்து வைத்து அனுப்பிவிட்டார்கள்.

செய்யக்கூடியது இருக்கிறது. போட்டிக்குப் போ. தளத்தை அழிக்காதே. வெள்ளிக்கிழமை உங்களை வேங்கிக்காலுக்கு அழைத்துப் போக சார் வண்டி தேடுகிறார் என்று வர்ஷா சொன்னாள். எங்கள் அப்பாவின் வேனைச் சொல். அவர் கட்டாயம் வருவார். உன்னை அவருக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. தெருவில் உன்னைப் பற்றிப் பேசாத நாளில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து பார்க்கச் சொல். அதற்கும் சந்தோஷப்படுவார்.

ஏன் என்று கேட்காதே. நான் சொல்லவும் மாட்டேன். உன்மேல் கோபத்தால் இல்லை, அதாவது முழுக்கக் கோபத்தால் இல்லை. உன் முகத்தில் எதுவும் நிற்காது எழில். உனக்குத் தெரிந்தது எல்லாம் உன் முகத்தில் எழுதியிருக்கும்.

வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வரும்.

சுருதி

•

திருவண்ணாமலை
19 செப்டம்பர், வெள்ளி

சுருதி,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியாது. மேசைக்குள் வைத்தாலும் எடுக்க நீ வர மாட்டாய். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் மாறன் மாமா வேனைக் கழுவி, கண்ணாடிக்கு மேலே பூச்சரம் போட்டுக் கொண்டுவந்தார். நாங்கள் ஐந்து பேரும் சாரும் ஏறினோம். "எங்க சுருதிக்கு ஒடம்பு காயுது சார், இல்லாட்டி அவளும் வந்திருப்பா" என்றார். வழியில் நிறுத்தி எல்லோருக்கும் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பெரியதாகப் பார்த்துக் கொடுத்தார். அதைச் சாப்பிட முடியவில்லை, சாப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கல்லூரி அரங்கில் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என் முறை வந்தது. சோளம் விற்கும் ராஜேந்திரன், ஜெர்மன் பாட்டி எல்லாம் ஒழுங்காகப் பறந்து வந்தார்கள். ஆறாவது முடிந்ததும் வரைபடம் நம் ஊருக்குத் திரும்பி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. கோயிலிலிருந்து ஒரு கோடு கிளம்பி மெல்ல மேற்கே நீண்டு, ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது. அத்தியாயத்தை எடுத்தவள் கோட்டை எடுக்கவில்லை. அது வேறொரு கோப்பில் இருந்தது. நான் மறந்தே போயிருந்தேன்.

நடுவராக வந்திருந்த அம்மா, "இந்தக் கோடு எங்க போவுது? அங்க ஒண்ணுமே எழுதலியே?" என்றார்.

அரங்கில் மாமாவின் முகம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தன் கதைதான் அது என்பதுபோல் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார்.

"அங்க ஒருத்தரோட கதை இருந்துச்சு மேடம். அவங்கள கேக்காம எழுதிட்டேன். அதனால எடுத்துட்டேன்" என்றேன்.

"கேட்டு வாங்கியிருக்கலாமே?"

"கேட்டா குடுத்திருக்க மாட்டாங்க மேடம்."

முதலில் கைதட்டியது மாமாதான். பரிசு எனக்கு இல்லை, வேட்டவலம் பையன் ஒருவனுக்கு. ஏரிகளைப் பற்றி நன்றாகச் செய்திருந்தான்.

மதியம் வெளியே வந்ததும் மாமா, "கெளம்பலாமா சார்? புள்ள தனியா படுத்துக்கினு இருக்கும்" என்றார். நான் சாரிடம் டீ வேண்டும் என்றேன். நான் டீ குடிப்பதில்லை என்று வர்ஷாவுக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு, "எனக்கும் பசிக்குது சார், போண்டா சாப்புடலாம்" என்றாள். இரண்டு டம்ளர் குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது. நீ என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒன்றுமே தெரியாது என்றும் சொல்ல முடியாது.

பொழுது சாய்ந்ததும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை. அப்பா, "மாறா, உக்காரு" என்றார். அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை.

"பாப்பா, எங்க போயிருக்காங்க?"

"தெரியாது மாமா."

"மருதேவி வூட்டுக்கு ஆளு அனுப்பிப் பாத்துட்டேன். இல்ல. உனக்குச் சொல்லாம போயிருக்க மாட்டா அவ."

"எனக்குச் சொல்லல மாமா."

என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அதில் நீங்கள் இருக்கும் ஊர் இல்லை, சுருதி. தேடித் தேடிப் பார்த்தும் அவருக்குக் கிடைக்கவில்லை. "அந்தப் படத்தக் காட்டு" என்றார். லேப்டாப்பைத் திறந்து கொடுத்தேன். தள்ளித் தள்ளி அந்தக் கோடு முடியும் இடத்துக்கு வந்தார். அது பொய்யான இடம் என்று அவருக்கும் தெரியும். "இதப் பெருசு பண்ணு" என்றார். பண்ணினேன். "இன்னும்." பண்ணினேன். மேலிருந்து எடுத்த படம். வரப்புகள் தெரிந்தன, புளியமரங்களின் தலைகள் தெரிந்தன, ஒரு கிணறு கறுப்பாகத் தெரிந்தது. அவர் திரைக்குக் கிட்டே குனிந்து ஒவ்வொரு மரமாக விரலை வைத்துக்கொண்டே போனார். "இன்னும்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. வெறும் சதுரம் சதுரமாகக் கலங்கிப்போனது.

அப்பா அவர் தோளைத் தொட்டு, "போதும் மாறா, வூட்டுக்குப் போ. அவங்கள வுட்டுடு" என்றார். அவர் எழுந்து போய் வேனில் ஏறினார். வண்டியைத் திருப்பி எங்கள் கேட்டுக்கு நேராக நிறுத்திவிட்டு முன் விளக்குகளைப் போட்டார். அப்பா இரண்டு முறை போய்ப் பேசிப் பார்த்தார். அம்மா கதவைத் தாழிட்டுவிட்டு என்னை உள்ளே போகச் சொன்னாள். ஜன்னல் வழியாக அந்த வெளிச்சம் சுவரில் விழுகிறது. கம்பிகளின் நிழல் என் காகிதத்தின் மேல் கிடக்கிறது. நீ எந்த ஊரில் இருந்தாலும் இந்நேரம் சாப்பிட்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது வேனின் விளக்குகளை அணைத்துவிட்டார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை.